இரண்டு வாசல் வைத்த அண்ணி

ஆஸ்பத்திரியில் என் அண்ணிக்குத் ‘தபால் மேடம்’ என்று பெயர். தபால் தலையை அவர் கையால் தொட்டு எத்தனையோ வருஷம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குள் வருகிற, வெளியே போகிற மின்னஞ்சல் அத்தனையும் அவர் பொறுப்பு என்பதால் யாரோ ஒரு நர்ஸ் வேடிக்கையாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற நாங்கள், காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வாசலில் இறங்கி, அவர் மேல் மாடிக்கும் நான் கீழ்த்தளத்துக்கும் பிரிந்து போவோம்.

அவருடைய அறையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நடைபாதையின் கடைசியில், சர்வர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. சர்வர்களுக்கு வேண்டிய குளிர் இந்தப் பக்கமும் கசியும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அண்ணி பழுப்பு நிற ஸ்வெட்டரும் காதுவரை இழுத்துவிட்ட குல்லாவுமாக உட்கார்ந்திருப்பார். புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர், காய்ச்சலோடு யாரோ வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போன கதை இன்றும் கேன்டீனில் ஓடுகிறது.

கேள்வி கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் அண்ணன் பஸ் டிரைவர். கல்யாணப் பேச்சு நடந்த சமயம் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி, “ஓடிக்கிட்டு இருக்கறப்ப பிரேக் பிடிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அபசகுனமாக ஒரு கேள்வியா என்று அவள் என் காதில் முணுமுணுப்பதற்குள் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கியரைக் குறைப்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டான். ஆறிப்போன டீயை இரண்டு பேருமே குடிக்கவில்லை. இந்தக் கல்யாணம் நடந்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் மெயிலுக்கு ஒரே ஒரு சர்வர்தான் இருந்தது. ஒரு நாள் காலை அது படுத்துவிட்டது. மருந்தகத்திலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து அறுவை அரங்குக்கு எதுவும் போகவில்லை. ஆட்கள் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓடினார்கள். அதன் பிறகு அண்ணி முன்னின்று இரண்டு சர்வர்களை ஒன்றாகப் பிணைத்தார். கிளஸ்டர் என்பார்கள், நாங்கள் ‘ஜோடி’ என்போம். ஒவ்வொருவருடைய அஞ்சல் பெட்டியும் இரண்டிலும் அச்சு அசலாக இருக்கும். ஒன்று விழுந்தால் மற்றது அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு எதுவும் தெரியக்கூடத் தெரியாது. ஜோடி வந்ததிலிருந்து எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள் போய்வருகிற மெயிலுக்குத்தான். வெளியூர்ச் சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கு நாங்கள் அனுப்பும் ஆய்வு முடிவுகள் வேறொரு நிறுவனத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. நோயாளிகளின் விவரம் அந்நியர் கை வழியாகப் போவது சரியில்லை, வெளியுலகத்துக்கு நமக்கே நமக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. கேட்வே என்று சொல்கிறார்களே, அது. வேலை அண்ணியிடம் வந்தது.

கணினித் துறைத் தலைவரை நாங்கள் ‘ஆகட்டும் சார்’ என்போம். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், நல்ல மனிதர். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்: “நம்மகிட்டதான் ஜோடி இருக்கே. கேட்வேயையும் அதுலயே வெச்சிடலாமே? ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும்.”

கேட்ட எல்லாருக்கும் சரியென்றே பட்டது. அண்ணி மட்டும், “கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றார்.

அந்தக் ‘கொஞ்சம்’ எங்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டு மேசையில் பாத்திரங்கள் எல்லாம் சர்வர்களாகிவிட்டன. மூடி போட்ட இரண்டு டப்பாக்கள் ஜோடி. தண்ணீர் ஜாடி இணையம். பட்டாணிகள் கடிதங்கள். பட்டாணியை ஒரு டப்பாவிலிருந்து ஜாடிக்கு நகர்த்துவார், பாதியில் நிறுத்துவார், டப்பாவை மூடிவிட்டு மோவாயில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். குழம்பில் உப்பு இல்லை; மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். நான் திறந்தேன்.

“அண்ணி, இதை வாயில வைக்க முடியல.”

“எதை?” என்றார், பட்டாணியைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்குத்தான் அவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “என்னங்க, நடுரோட்டுல பஸ் நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கறவங்களை என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்றது, பின்னாடி வர்ற வண்டியில ஏத்தி விடுவேன்.”

“கதவு இறுகிக்கிச்சு. யாரும் இறங்க முடியல. அப்போ?”

“அப்போ வண்டி சரியாகற வரைக்கும் உள்ளேயேதான் கிடக்கணும். பின்னாடி பத்து வண்டி வந்தும் அவங்களுக்கு என்ன லாபம்?”

அண்ணி மேசையில் ஒரு தட்டு தட்டினார். பட்டாணிகள் உருண்டு ஓடின. “அதேதான்! ஜோடியில நம்ம எல்லாரோட பெட்டியும் ரெண்டு பக்கமும் இருக்கு. ஆனா அனுப்பின மெயில் வெளியே போறதுக்கு முன்னாடி வரிசையில நிக்குது பாருங்க, அந்த வரிசை ஒரு சர்வர்லதான் இருக்கு. அந்த சர்வர் படுத்தா அடுத்தது எழுந்துக்கும், புதுசா வர்ற மெயிலை அனுப்பும். வரிசையில நின்ன பழைய மெயில் உள்ளேயே மாட்டிக்கும். அனுப்பினவங்க போயிடுச்சுன்னு நினைப்பாங்க. வாங்க வேண்டியவங்க இன்னும் அனுப்பலன்னு நினைப்பாங்க.”

அண்ணன் பெருமையோடு என்னைப் பார்த்தான். “பாத்தியா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

அண்ணிக்குப் பிரச்சினை முழுசாக முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யாரிடமாவது சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து அவர் துறை துறையாக இறங்கிவிட்டார். குல்லாவைக் கழற்றிவிட்டு மாடி மாடியாக ஏறி இறங்கி எல்லாரையும் இரண்டே கேள்விகள் கேட்டார். வெளியே எதை அனுப்புகிறீர்கள், அது எவ்வளவு தாமதமானால் தாங்கும்? நோயாளிகளுக்கு நாள் குறித்து அனுப்புகிறவர்கள் சாயங்காலத்துக்குள் போனால் போதும் என்றார்கள். எக்ஸ்ரே பிரிவில் படம் பெரிதாக இருந்தால் மெயில் திணறுகிறது என்று வேறொரு புகாரைத் தலையில் கட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டார். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது எங்கள் தலைமை டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: “ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகக்கூடாது. ரத்தத்துல என்ன கிருமின்னு நாங்க சொன்னாத்தான் அங்க மருந்தை மாத்துவாங்க.”

“சரிங்க டாக்டர். ஒருவேளை மெயில் போகலன்னா அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டாக்டரம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தேன். “போகலன்னு யாராவது போன் பண்ணித் திட்டுவாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று எனக்கே உறைத்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “உக்காருங்க” என்று அண்ணிக்கு ஒரு ஸ்டூலை நகர்த்தினார். இருவரும் மத்தியானம்வரை பேசினார்கள்.

திட்டம் கூட்டத்துக்கு வந்த அன்று நானும் ஆய்வுக்கூடத்தின் சார்பில் போயிருந்தேன். அண்ணி பலகையில் படம் போட்டார். கேட்வேயை ஜோடிக்குள் வைக்காமல் வெளியே தனியாக இரண்டு வாசல்கள். ஒன்று எங்கள் கட்டடத்தில். மற்றொன்று ஊரின் மறுகோடியில் இருக்கும் எங்கள் பிசியோதெரபிக் கிளையில், வேறு நிறுவனத்தின் இணைய இணைப்போடு. இரண்டு கட்டடத்து மொட்டைமாடிகளுக்கும் நடுவில் நமக்கே சொந்தமான, கம்பியில்லாத ரேடியோ இணைப்பு. இணையத்தின் முகவரிப் புத்தகத்தில் எங்கள் பெயருக்கு இரண்டு வாசலையும் எழுதி வைத்துவிட்டால், முதல் வாசல் மூடியிருந்தால் வருகிறவர்கள் தாமாகவே இரண்டாவதற்குப் போய்விடுவார்கள். போகிற கடிதமும் அப்படியே. வாசல் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்கிறவரை ஜோடி தன் கையில் இருப்பதை விடாது. கடிதம் போய்ச் சேர வேண்டிய இடம் ‘வாங்கிக்கொண்டேன்’ என்கிறவரை வாசலும் விடாது.

“வாசல் நல்லா இருந்து, வெளியே தெருவே இல்லாமப் போச்சுன்னா?” என்று யாரோ கேட்டார்கள். அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னைப் போல இன்னொரு ஆள்!

“அதுக்குத்தான் ஒவ்வொரு வாசலும் வெளியே எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கும். தெரு தெரியலன்னா புதுசா எதையும் வாங்காது. கையில இருக்கறதையும் அடுத்த வாசலுக்குத் தள்ளிடும்.”

அனுப்புகிறவர்களின் திரையில் கீழே ஒரு பட்டை வரும். கடிதம் போய்ச் சேர்ந்தால் பச்சை, காத்திருந்தால் மஞ்சள், திரும்பி வந்தால் சிவப்பு. மஞ்சள் நெடுநேரம் நீடித்தால் அந்தத் துறையின் தொலைபேசி அடிக்கும்.

ஆகட்டும் சார் முதல் தடவையாக ஆகட்டும் என்று சொல்லவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்: “எல்லாம் சரிம்மா. நீங்க காவல் காக்க வேண்டியதுல இன்னும் ரெண்டு மெஷின் கூடுது. உங்க தலைக்குள்ள எல்லாம் இருக்கு. நீங்க லீவு போட்ட அன்னிக்கு யாரு?”

அண்ணி தான் பலகையில் போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தார். “நான் அதை யோசிக்கல சார்” என்றார். “ஆளு லீவு போட்டாலும் வேலை நிக்கக்கூடாதுல்ல. திட்டத்துல அதையும் சேர்க்கறேன்.”

அன்றிலிருந்து பக்கத்து மேசை ‘சுருட்டை’யை அவர் கூடவே வைத்துக்கொண்டார். தலைமுடியால் வந்த பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அச்சு இயந்திரங்களைப் பழுது பார்த்துச் சலித்துப் போயிருந்த மனிதர். இரண்டாவது வாசலை நிறுவும் வேலையை அண்ணி பாதிக்கு மேல் அவரிடமே விட்டுவிட்டார். தான் செய்தால் சீக்கிரம் முடியும் என்று கை துறுதுறுக்கும்போதெல்லாம் டீ குடிக்கப் போய்விடுவார். அந்த மாதம் அவர் குடித்த டீ கொஞ்சநஞ்சமல்ல.

சோதனை நாள் வந்தது. யாருமில்லாத நேரத்தில் ரகசியமாகச் செய்து பார்க்கலாமே என்று சிலர் சொன்னதை அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி மும்முரமாக இருக்கும் காலை வேளையில், துறைக்கு ஒருவரை வரவழைத்து, நட்டநடுவில் நின்று முதல் வாசலின் கேபிளைத் தன் கையால் பிடுங்கினார். நாங்கள் மாதிரிக் கடிதங்களை அனுப்பினோம். பட்டை மஞ்சளானது. இரண்டாவது வாசல் வாங்கிக்கொண்டது. யாரோ கைதட்டக் கையைத் தூக்கினார்கள்.

பட்டை சிவப்பானது. என்னுடையது, எக்ஸ்ரேக்காரருடையது, மருந்தகத்துடையது என்று வரிசையாகச் சிவந்தது. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அண்ணி திரும்பி வந்த கடிதம் ஒன்றைத் திறந்து படித்தார். முகம் காதுமடல் வரை சிவந்துவிட்டது. “இது என் தப்பு” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “இரண்டாவது வாசல் ஒரு பேரைச் சொல்லிக்கிட்டுப் போகுது. ஆனா அந்த இணைப்புக்காரங்க பதிவுல அந்த இடத்துக்கு வேற பேரு இருக்கு. பேரு பொருந்தலன்னதும் வெளியே இருக்கறவங்க இது யாரோ ஏமாத்துக்காரன்னு கதவைச் சாத்திட்டாங்க. நான் சரி பாத்திருக்கணும்.” கேபிளைத் திரும்பச் செருகி, மறுபடி அனுப்பச் சொல்லி, எல்லாருடைய கடிதமும் பச்சையாகிறவரை நின்றுவிட்டுத்தான் போனார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, “அத்தனை பேர் முன்னாடி இப்படி ஆயிடுச்சே அண்ணி” என்றேன்.

“நல்லாதாம்மா ஆச்சு. சிவப்பு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சே” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கண்ணாடியில் தெரிந்த முகம் வேறு மாதிரி இருந்தது.

அந்த இணைப்பு நிறுவனத்தின் பதிவில் ஒரு பெயரை மாற்ற வைப்பது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. இந்தத் துறை இல்லை அந்தத் துறை என்று சுற்ற விட்டார்கள். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. அவர்களிடமும் கேள்விதான் கேட்டார். ஒவ்வொருவரையும், இந்தக் கோரிக்கையை நீங்கள் அனுப்ப வேண்டியது யாருக்கு, அவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டுக் கேட்டு, பதிவைத் தொடுகிற உரிமை உள்ள ஆளின் மேசைவரை போய்விட்டார். அந்த ஆள் அலுத்துக்கொண்டே மாற்றித் தந்தாராம். இரண்டாவது சோதனையில் அத்தனையும் பச்சை. அதையும் நம்பாமல், வெளியூர் மருத்துவமனைகளுக்குத் தனித்தனியாகப் போன் போட்டு, வந்து சேர்ந்ததா என்று வாயால் கேட்ட பிறகுதான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மழைக்காலம் முடிந்து ஆஸ்பத்திரித் தெருவில் குழாய் பதிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் முற்பகல் என் கையில் ஒரு முடிவு இருந்தது. மலையடிவாரத்துச் சின்ன மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த பச்சைக் குழந்தையின் ரத்தம். கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியாது, வேறு மருந்துக்குத்தான் மசியும் என்று தெளிவாகத் தெரிந்தது. டாக்டரம்மா கையெழுத்திட்டார். நான் அனுப்பினேன். அதே சமயத்தில் தெருவில் பெரிய சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பள்ளம் தோண்டுகிற இயந்திரத்தின் பல்லில் கருப்பு கேபிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

இணையம் போய்விட்டது. என் பட்டை மஞ்சள். அண்ணியைக் கூப்பிடலாம் என்றால், அன்று அவர் ஊரிலேயே இல்லாத மாதிரிதான்: கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார்! நான் மாடிப்படியில் ஓடினேன். சுருட்டை திரையின் முன் நின்றுகொண்டிருந்தார், பதற்றமே இல்லாமல்.

“முதல் வாசல் தெருவைப் பாத்துச்சு, இல்லன்னதும் எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளிடுச்சு. உங்களுது எது?” என்று தேடிப் பார்த்தார். “கிளையிலேர்ந்து போயிடுச்சு. கீழ போய்ப் பாருங்க, பச்சையா இருக்கும்.”

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. அந்தப் பக்கம் அண்ணி. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அவருக்கும் போயிருக்கிறது. வாய் நிறையப் பஞ்சு. ‘ம்ம், ஊம்’ என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

“மேடம், வாயைத் திறக்காதீங்க, ரத்தம் வரும்” என்றார் சுருட்டை. “கேபிள் அறுந்துபோச்சு. ரெண்டாவது வாசல்ல எல்லாம் போய்க்கிட்டு இருக்கு. வரிசையில ஒண்ணுகூட நிக்கல. நீங்க வர வேண்டாம்.”

அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு ‘ம்’. அந்த ‘ம்’மில் இருந்த திருப்தியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான் கீழே வந்தபோது பட்டை பச்சையாக இருந்தது. சற்று நேரத்தில் அந்த மருத்துவமனை டாக்டரிடமிருந்து பதிலும் வந்தது: கிடைத்தது, மருந்தை மாற்றிவிட்டோம், நன்றி. அவ்வளவுதான். டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு நேரே மேல் மாடிக்குப் போய் அண்ணியின் காலி நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம், சுருட்டை சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதாக அடுத்த வாரம் செய்தி வந்தது.

சாயங்காலம் வீட்டில், வீங்கிய கன்னத்தோடு அண்ணி எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாதி சைகை, பாதி முனகல். மலையடிவாரத்து டாக்டரின் பதிலைப் பற்றிச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘பதில் எந்த வாசல் வழியா வந்துச்சு?’

“அண்ணி!” என்று கத்தினேன்.

அதன் பிறகு எங்கள் மற்றக் கிளைகளுக்கும் இதே மாதிரி அமைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆகட்டும் சார் ஆகட்டும் என்றார். அண்ணி தான் போகாமல் சுருட்டையை அனுப்பினார். அவர் அங்கே துறை துறையாகப் போய், மெயில் போகலன்னா உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அண்ணியிடம் இப்போது ஆஸ்பத்திரியின் தொலைபேசி வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மேசை மேல் பட்டாணி மறுபடியும் வந்துவிட்டது.

போன வாரம் டிப்போவில் அண்ணன் தன் கூட்டாளிகளிடம் அளந்துகொண்டிருந்ததை அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாங்கள் இருவரும் கேட்டோம். “பூமியில இருக்கற மொத்த இணையமும் அறுந்துபோச்சு. எங்க வீட்டுக்காரி பல் டாக்டர் நாற்காலியில உக்காந்துக்கிட்டே ஒத்தை ஆளா இழுத்துக் கட்டிட்டா!”

“ஒண்ணுகூட உண்மை இல்லீங்க” என்றார் அண்ணி பின்னாலிருந்து.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். கொஞ்சமும் அசரவில்லை. “பாத்தீங்களா, பெருமையே பேசிக்கமாட்டா” என்று அவர்களிடம் சொன்னான்.

அண்ணி சாப்பாட்டுத் தூக்கை அவன் கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கதவு எப்படி மூடித் திறக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.